அவுட்போர்டு மோட்டாரின் அடைபட்ட நீர்ப்பாதைகளுக்கு ஒரு படிவுநீக்கித் திரவம்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்குள் சேர்ந்துவிட்ட உப்பையும் சுண்ணப்படிவையும், எஞ்சினைப் பிரிக்காமலே கரைத்து வெளியேற்றும் என்று சொல்லி விற்கப்படும் திரவங்களில் ஒன்றை, அளவுக்கு மீறிச் சூடேறிக்கொண்டிருந்த என் 40 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பயன்படுத்திப் பார்த்தேன். திரவம் தன் வேலையைச் செய்தது. ஆனாலும் எஞ்சினின் சூடு அதனால் மட்டும் தீரவில்லை. இவை இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எப்படி என்று விளக்கினால்தான், இதை யார் வாங்கலாம், யார் இதை வாங்குவதற்கு முன் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும் என்பது தெளிவாகும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. இது பாஸ்பாரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட திரவம். அலுமினியத்தை அமிலம் அரிக்காமல் தடுக்கும் வேதிப்பொருளும் இதில் கலந்திருக்கிறது. நான் வாங்கிய கேனில் 4 லிட்டர் இருந்தது. ஒரு பங்கு திரவத்துக்கு நான்கு பங்கு நல்ல தண்ணீர் சேர்க்கச் சொல்லியிருப்பதால், மொத்தம் 20 லிட்டர் கலவை கிடைக்கிறது. ஒரு ஹோஸ் இணைப்பானும், வெளியே வரும் கசடை வடிகட்ட ஒரு சிறிய வலையும் உடன் வருகின்றன. கலவையைச் சுழற்றும் பம்பை மட்டும் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் சிறிய பேட்டரி பம்பே இதற்குப் போதுமானது.

கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீர்த்து ஊற்றினால் இதே வேலை மலிவாக முடியாதா என்று பலர் கேட்பதுண்டு. சுண்ணத்தை அது வேகமாகக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் தடுப்புப் பொருள் எதுவும் சேராத அந்த அமிலம் அலுமினியத்தையும் விட்டுவைக்காது, ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பும். அவுட்போர்டின் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த உடல்), ஹெட் (சிலிண்டர்களின் மூடி), கால்பகுதி (நீருக்குள் இறங்கும் அடிப்பகுதி) ஆகிய மூன்றுமே அலுமினிய வார்ப்புகள் என்பதை மறந்துவிடக் கூடாது. காஸ்டிக் சோடா அதைவிட மோசம். சுண்ணத்தை விட்டுவிட்டு அலுமினியத்தையே தின்னும். எனவே தடுப்புப் பொருள் சேர்ந்த திரவத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை நான் வீணாகக் கருதவில்லை.

என் எஞ்சின் காட்டிய அறிகுறி இதுதான். மெதுவாக ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. பாதித் திராட்டிலை (வேக முடுக்கியை) தாண்டிச் சில நிமிடங்கள் ஓடியதும் அலாரம் ஒலிக்கும்; எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐடிலிங்கில் சிறிது நேரம் ஓடவிட்டால் அலாரம் அடங்கும். மறுபடியும் வேகம் கொடுத்தால் மறுபடியும் ஒலிக்கும். இத்தனைக்கும் எஞ்சினின் பக்கவாட்டுத் துளையிலிருந்து பீய்ச்சும் நீர்த்தாரை ஒரு முறைகூட நிற்கவில்லை. அந்தத் தாரை நன்றாக வருகிறது என்பதை நம்பியே, கோளாறு அலாரத்தின் உணரியில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பருவம் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். அது தவறு. இதே தவறைச் செய்துகொண்டிருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பல எஞ்சின்களில் அந்தத் தாரைக்கான நீர், சிலிண்டர் ஹெட்டைச் சென்று அடைவதற்கு முன்பே பிரிந்து வெளியேறிவிடுகிறது. அப்படிப்பட்ட எஞ்சினில், பம்பு நீரைத் தூக்குகிறது என்பதற்கு மட்டுமே தாரை சாட்சி. அந்த நீர் சிலிண்டர்களைச் சுற்றிவந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது. சொல்லப்போனால், உள்ளே வழி அடைபட அடைபட, போக இடமில்லாத நீர் இந்தத் துளை வழியாக இன்னும் பலமாகப் பீய்ச்சக்கூடும்.

எந்த வேகத்தில் சூடேறுகிறது என்பதே ஒரு முக்கியமான துப்பு. ஐடிலிங்கில் சூடேறி, வேகம் கொடுத்ததும் தணியும் எஞ்சினில், தேய்ந்த இம்பெல்லரையோ (நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம்), மூடாமல் நின்றுவிட்ட அழுத்த வால்வையோ (வேகம் கூடி நீரழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்க வேண்டியது) முதலில் சந்தேகிக்க வேண்டும். வேகம் குறைவாக இருக்கும்போது பம்பு உண்டாக்கும் சிறிதளவு அழுத்தமும் அங்கே வீணாகிறது. மெதுவாக ஓடும்போது நன்றாக இருந்து வேகத்தில் மட்டும் சூடேறும் எஞ்சினில், நீர் வரும் வழி எங்கோ குறுகியிருக்கிறது. தேவை கூடும்போது அதற்கு ஈடான நீர் போய்ச் சேர்வதில்லை. கால்பகுதியின் நீர் உறிஞ்சும் சல்லடையில் பாசியோ பிளாஸ்டிக் தாளோ ஒட்டியிருப்பதும், எஞ்சின் மிக உயரமாகப் பொருத்தப்பட்டு நீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சுவதும், திறக்காத அழுத்த வால்வும், பிளாக்கின் உள்ளே அடைபட்ட நீர்ப்பாதைகளும் இந்த இரண்டாம் வகையில் அடங்கும். என் எஞ்சின் இந்த வகையைச் சேர்ந்தது.

உப்புநீரில் ஓடும் எஞ்சினுக்குள் படிவு சேரும் விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தத் திரவத்தின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியான சாதாரண உப்பு, நல்ல தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும். அதற்கு எந்த அமிலமும் தேவையில்லை. தொல்லை தருபவை கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் சல்ஃபேட்டும்தான். பெரும்பாலான உப்புகள் நீர் சூடேறச் சூடேற மிகுதியாகக் கரையும். சுண்ணம் இதற்கு நேர்மாறாக, சூடான நீரில் கரையாமல் வெளியே படியும். அதனால் எஞ்சினில் எந்த இடம் மிகவும் சூடாக இருக்கிறதோ, அந்த இடத்திலேயே படிவும் முதலில் தொடங்குகிறது. படிவு வெப்பத்தை நீருக்குக் கடத்தாமல் தடுக்கிறது. அதனால் அந்த இடம் இன்னும் சூடாகிறது. அதனால் இன்னும் படிகிறது. சற்றே சூடேறும் எஞ்சினைக் கவனிக்காமல் விட்டால் அது விரைவில் மிகவும் சூடேறும் எஞ்சினாக மாறுவதற்கு இந்தச் சுழலே காரணம். இவற்றோடு ஆழமற்ற இடங்களில் உறிஞ்சப்படும் மணலும் சேறும், அலுமினியம் அரித்து உண்டாகும் வெள்ளைக் களிம்பும் சேரும்போது, பாதை சிமெண்ட் பூசியது போல இறுகிவிடுகிறது.

திரவத்தை ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றிக் கேனின் மேல் ஒரு வரிகூட இல்லை. இது ஒரு குறை. சூடேறும் எஞ்சினுக்கெல்லாம் படிவுதான் காரணம் என்று நினைத்து இதை ஊற்றுபவருக்கு, காசும் ஒரு நாளும் போனதுதான் மிச்சமாகும். நான் செய்த வரிசையைச் சொல்கிறேன்.

சல்லடையையும் தாரைத் துளையையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்; தாரைத் துளைக்குள் மெல்லிய நைலான் நரம்பை விட்டு ஆட்டினால் அங்கே தங்கிய உப்பும் மணலும் வந்துவிடும். அடுத்து தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறியதும் திறந்து நீரை ஓடவிடும் வால்வு. அதைக் கழற்றி, ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியை உடன் வைத்துச் சூடாக்கினால், எந்த வெப்பநிலையில் திறக்கிறது என்பதைக் கண்ணால் காணலாம். உப்புநீரில் ஓடும் அவுட்போர்டுகளின் தெர்மோஸ்டாட்டுகள் பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்குபவை. உங்கள் எஞ்சினுக்கு உரிய எண் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையது முழுமையாகத் திறந்தது. ஆனால் அது உட்காரும் பள்ளத்தில் சாம்பல் நிறப் படிவு ஒரு நாணயத்தின் தடிமனுக்குச் சேர்ந்திருந்தது. உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் தடயம் அதுதான்.

பம்பைச் சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. காதுமூடி போன்ற இரண்டு ரப்பர் கிண்ணங்களைச் சல்லடையின் மேல் வைத்து ஹோஸ் தண்ணீரைத் திறந்துவிடும் முறை கழுவுவதற்கு வசதியானது, சோதிப்பதற்கு ஏற்றதல்ல. குழாயின் அழுத்தமே நீரை மேலே தள்ளிவிடுவதால், தேய்ந்த இம்பெல்லர்கூட நன்றாக வேலை செய்வது போலத் தோன்றும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, கால்பகுதியை ஒரு பெரிய பீப்பாயில் பம்பு மூழ்கும் அளவுக்கு நீரில் இறக்கி ஓட்டினால்தான் பம்பு தன் சொந்தப் பலத்தில் தூக்குகிறதா என்பது தெரியும்.

கால்பகுதியைப் பிரித்துப் பம்பைத் திறந்தேன். முந்தைய பருவத்தின் முடிவில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் இம்பெல்லரை மாற்றியிருந்ததால் அது புதிது போலவே இருந்தது. ஆனால் இம்பெல்லரை மட்டும்தான் மாற்றியிருந்தார்கள். அது உரசிச் சுழலும் ஸ்டீல் தகட்டிலும் கிண்ணத்திலும் விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளங்கள் விழுந்திருந்தன. தகடு, கிண்ணம், கேஸ்கெட்டுகள், அரைவட்டச் சாவி எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பை வாங்கி மாற்றுவதே முறை. பொருத்தும்போது சோப்பு நீரையோ கிளிசரினையோ தடவி, டிரைவ் ஷாஃப்ட்டை அது ஓடும் திசையிலேயே திருப்பியபடி கிண்ணத்தை இறக்க வேண்டும். இதழ்கள் எதிர்த்திசையில் மடங்கக் கூடாது. மேலே செல்லும் நீர்க்குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் சரியாக நுழைந்ததா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அது சற்று விலகி நின்றாலும் புதிய பம்பின் நீரில் பாதி வழியிலேயே வெளியேறிவிடும்.

இவ்வளவும் செய்தபின், இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பயன்பட்ட கருவியைக் கையில் எடுத்தேன்: தொடாமலே வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. பளபளக்கும் வெற்று அலுமினியத்தின் மேல் இது உண்மையான வெப்பத்தைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், வண்ணம் பூசிய இடத்திலோ, கருப்பு வண்ணப் புள்ளி ஒன்றை வைத்து அதன் மேலேயோ அளக்க வேண்டும். இரண்டு சிலிண்டர்களுக்கும் ஹெட்டின் மேல் ஒரே அளவில் இரண்டு புள்ளிகளை வைத்தேன். படகை மற்றொருவர் ஓட்ட, எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, சுழலும் ஃபிளைவீலிலிருந்து கையையும் உடையையும் விலக்கிவைத்துக்கொண்டு, பாதித் திராட்டிலில் அளந்தேன். மேல் சிலிண்டர் 64 டிகிரி. கீழ் சிலிண்டர் 93 டிகிரி. எஞ்சின் முழுவதும் சூடேறவில்லை, அதில் ஒரு பகுதிதான் சூடேறுகிறது என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டின. பம்போ தெர்மோஸ்டாட்டோ பழுதாகியிருந்தால் இரண்டு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒன்றாகவே சூடேறியிருக்கும். ஒன்று மட்டும் கொதிக்கிறது என்றால், அதைச் சுற்றியுள்ள பாதைதான் அடைபட்டிருக்கிறது.

திரவத்தை ஊற்ற வேண்டிய நேரம் இப்போதுதான் வந்தது. தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்துவிட்டு அதன் மூடியை மட்டும் திரும்பப் பொருத்தினேன். அலுமினியத்துக்குப் பதிலாகத் தாம் அரிபட்டு அதைக் காப்பதற்காக எஞ்சினுக்குள் வைத்திருக்கும் துத்தநாகக் கட்டிகளையும் கழற்றிவைத்தேன். இதையும் கேனின் மேல் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துப் பாழாக்கும் என்பது ஒரு காரணம். துத்தநாகம் கரையும்போது எழும் நுரையைப் படிவு கரையும் நுரை என்று நாம் தவறாக எண்ணிக்கொள்வோம் என்பது மற்றொன்று. அரித்துப் பாதியான பழைய கட்டிகள் உதிர்ந்து, அந்தத் துணுக்குகளே பாதையை அடைப்பதும் உண்டு என்பதால், கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் புதியதை வாங்கிவைப்பது நல்லது.

கால்பகுதிக்குக் கீழே ஒரு தொட்டியை வைத்து, அதில் கலவையை ஊற்றி, பம்பின் மூலம் எஞ்சினின் கழுவு துளைக்குள் செலுத்தினேன். பிளாக்கைச் சுற்றிய திரவம் கால்பகுதி வழியாக மீண்டும் தொட்டிக்கே வந்து விழுந்தது. எஞ்சினை ஓட்டக் கூடாது. பம்பு மட்டும் ஓடினால் போதும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம் தேவை. குளோரின் கலந்த சலவை நீர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. அது அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு வரும்.

முதல் அரை மணி நேரம் பார்க்கவே நிறைவாக இருந்தது. தொட்டி முழுவதும் நுரை பொங்கியது. வலையில் சாம்பல் நிறச் செதில்களும் பொடி மணலும் கைப்பிடி அளவுக்குச் சேர்ந்தன. தெளிவாக இருந்த திரவம் கலங்கிய சுண்ணாம்பு நீர் போல ஆனது. ஒன்றரை மணி நேரத்தில் நுரை அடங்கியது. இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும்: படிவு தீர்ந்ததால் நுரை நின்றதா, அல்லது அமிலத்தின் வீரியம் தீர்ந்ததால் நின்றதா? ஒரு சிறிய சிப்பி ஓட்டுத் துண்டைத் தொட்டிக்குள் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சிப்பி ஓடும் கால்சியம் கார்பனேட்தான். அது உடனே நுரைத்தது. எனவே அமிலம் இன்னும் உயிரோடு இருந்தது. அது தொட முடிந்த படிவுதான் தீர்ந்துபோயிருந்தது. மொத்தம் மூன்று மணி நேரம் சுழற்றினேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்று கேனில் எழுதியிருக்கிறது. இந்த எச்சரிக்கையைக் கட்டாயம் மதிக்க வேண்டும், ஏனெனில் தடுப்புப் பொருள் அலுமினியத்தைக் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பிறகு அரை மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவி, பயன்படுத்திய திரவத்தில் சமையல் சோடாவை நுரை நிற்கும்வரை சேர்த்து, அமிலத்தன்மையை நீக்கினேன்.

மறுநாள் அதே வழியில், அதே வேகத்தில் அளந்தேன். மேல் சிலிண்டர் 60 டிகிரி. கீழ் சிலிண்டர் 86 டிகிரி. முன்பு பாதித் திராட்டிலில் ஒலித்த அலாரம், இப்போது முழுத் திராட்டிலில் பத்து நிமிடம் ஓடிய பிறகே ஒலித்தது. முன்னேற்றம் இருந்தது, ஆனால் தீர்வு கிடைக்கவில்லை. நன்றாக இருந்த சிலிண்டர் இன்னும் நன்றாகியது. கெட்டிருந்த சிலிண்டர் சிறிதளவே தேறியது. இரண்டாம் முறை புதிய கலவையோடு சுழற்றியபோது நுரையே எழவில்லை, அளவுகளும் மாறவில்லை.

இந்தத் திரவத்தைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இதுதான். ஓடும் நீர் எளிய வழியையே நாடும், அமிலமும் அப்படித்தான். பாதி அடைபட்ட பாதைக்குள் அது நுழைந்து சுரண்டிக்கொண்டே போகும். முழுதும் அடைபட்ட பாதைக்குள் அது போவதே இல்லை. பக்கத்தில் திறந்திருக்கும் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். திறந்த பாதை மேலும் திறக்கத் திறக்க, அடைபட்ட பாதையின் பக்கம் திரும்ப அதற்குத் தேவையே இல்லாமல் போகிறது. அதாவது, இந்தத் திரவம் எந்த இடத்துக்கு மிகவும் தேவையோ, அந்த இடத்தைத்தான் கடைசியாகத் தொடுகிறது. சில எஞ்சின்களில் தொடுவதே இல்லை. ‘பிரிக்காமலே முழுச் சுத்தம்’ என்று கேனின் முகப்பில் அச்சிட்டிருப்பது இந்த ஒரு காரணத்தாலேயே ஏற்கத்தக்கதல்ல. மணல், அலுமினியக் களிம்பு, கால்சியம் சல்ஃபேட் ஆகியவற்றை இது சரிவரக் கரைக்காது என்பது அடுத்த காரணம்.

எனவே சிலிண்டர் ஹெட்டைத் திறக்க முடிவு செய்தேன். உப்புநீரில் பல ஆண்டுகள் ஓடிய எஞ்சினில் இந்த வேலையின் பெரும்பகுதி போல்ட்டுகளோடுதான். ஸ்டீல் போல்ட்டும் அலுமினிய மரையும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிட்டிருக்கும். பலத்தைக் காட்டினால் போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும். முதல் நாள் துருநீக்கி எண்ணெயை ஊறவிட்டு, மறுநாள் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, சிறிது தளர்த்திச் சிறிது இறுக்கி, மறுபடியும் தளர்த்தி என்று பொறுமையாகவே எடுத்தேன். அரை நாள் ஆயிற்று. ஒன்றுகூட முறியவில்லை.

ஹெட் திறந்ததும் இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மேல் சிலிண்டரைச் சுற்றிய பாதை, வார்ப்பில் இருந்து வந்த நாளைப் போலச் சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம் முழுவதும் இந்தத் திரவத்தின் வேலை. அதை மனமாரப் பாராட்டுகிறேன். சூடான சுவரில் ஒட்டிய கடினமான சுண்ணத்தைச் சுரண்டுகோலால் அவ்வளவு சீராக எடுக்க யாராலும் முடியாது. முடிந்தாலும் அலுமினியத்தில் கீறல்கள் விழும். ஆனால் கீழ் சிலிண்டரைச் சுற்றிய பாதையின் நுழைவாயில், மணலும் உப்பும் களிம்பும் சேர்ந்து இறுகிய ஒரு கட்டியால் அடைபட்டிருந்தது. மரக்குச்சியாலும் பித்தளைக் கம்பியாலும் அதை உடைத்து எடுத்தபோது, அதன் நடுவில் கருப்பாக ஏதோ தட்டுப்பட்டது. அது ஒரு ரப்பர்த் துண்டு. பழைய இம்பெல்லரின் இதழ்.

முந்தைய பருவத்தில் இம்பெல்லரை மாற்றியபோது, பழையதில் ஓர் இதழ் முறிந்து போயிருந்திருக்கிறது. முறிந்த துண்டு எங்கே போனது என்று சர்வீஸ் நிலையத்தில் யாரும் தேடவில்லை. பழைய இம்பெல்லரைக் கேட்டு வாங்கி இதழ்களை எண்ணிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. நீரோடு மேலே சென்ற அந்தத் துண்டு பாதை குறுகும் இடத்தில் குறுக்காக மாட்டிக்கொண்டது. அதன் பின்னால் மணல் தங்கியது; நீரோட்டம் குறைந்ததும் அந்த இடம் சூடேறியது; சூடேறியதும் சுண்ணம் படிந்து மணலை இறுக்கியது. இந்த அமிலம் ரப்பரைக் கரைக்கப் போவதில்லை. நான் எத்தனை கேன்களை ஊற்றியிருந்தாலும் கீழ் சிலிண்டர் 86 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்காது. இம்பெல்லர் மாற்றும் ஒவ்வொருவரும், அது தம் கையாலேயே ஆனாலும் சர்வீஸ் நிலையத்திலேயே ஆனாலும், பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணி, குறைந்திருந்தால் அந்தத் துண்டு கிடைக்கும்வரை வேலையை முடித்ததாகக் கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். தெர்மோஸ்டாட் துளை வழியாக நீரை எதிர்த்திசையில் பீய்ச்சினால், அண்மையில் சிக்கிய துண்டாக இருந்தால் பெரும்பாலும் கீழே வந்து விழும்; ஒரு பருவம் இறுகிவிட்டால் என்னைப் போல ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

மூடும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெட்டின் தளம் வளைந்திருக்கிறதா என்று நேர்கோலை வைத்துப் பார்த்து, புதிய கேஸ்கெட்டைப் போட்டு, எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் உள்ள வரிசைப்படியும் அளவுப்படியும் டார்க் ரெஞ்ச்சால் படிப்படியாக இறுக்கினேன். புதிய துத்தநாகக் கட்டிகளையும் தெர்மோஸ்டாட்டையும் பொருத்தினேன். அளந்தபோது மேல் சிலிண்டர் 60 டிகிரி, கீழ் சிலிண்டர் 62 டிகிரி. முழுத் திராட்டிலில் அரை மணி நேரம் ஓட்டியும் அலாரம் ஒலிக்கவில்லை.

இனி பொருளின் மதிப்புக்கு வருகிறேன். மருந்தாக எடுத்துக்கொண்டால் இதற்கு ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண்ணே தருவேன். தடுப்பாக எடுத்துக்கொண்டால் நான்கரை தரலாம். இன்னும் அலாரம் ஒலிக்காத, ஆனால் தெர்மோஸ்டாட் பள்ளத்தில் வெண்படிவு தெரியத் தொடங்கிய எஞ்சினுக்கு இதைப் போல உதவும் பொருளை நான் பார்த்ததில்லை. எல்லாப் பாதைகளும் ஓரளவு திறந்திருக்கும் நிலையில், திரவம் எல்லா இடத்துக்கும் சென்று சேர்கிறது. இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே 20 டிகிரிக்கு மேல் வேறுபாடு காட்டும் எஞ்சினுக்கு இதை முதலில் ஊற்றுவது நாளைக் கடத்துவதாகும். அங்கே முதலில் திறந்து, கட்டியாக இறுகியதைக் கையால் எடுத்துவிட்டு, சுவரில் ஒட்டியதை மட்டும் இந்தத் திரவத்திடம் விட வேண்டும். நான் வரிசையை மாற்றிச் செய்ததால் ஒரு கேன் கூடுதலாகச் செலவானது.

சமையலுக்குப் பயன்படும் வினிகரும் இதே சுண்ணத்தைக் கரைக்கும். ஆனால் அதில் உள்ள அசிட்டிக் அமிலம் 5 சதவீத அளவே என்பதால் வேலை மிகவும் மெதுவாக நடக்கும். தெர்மோஸ்டாட், அதன் மூடி போன்ற கழற்றிய சிறிய பாகங்களை ஊறவைக்க வினிகர் நல்லது. எஞ்சின் முழுவதையும் சுழற்றிக் கழுவ நான் அதை நம்ப மாட்டேன். நீண்ட நேரம் உள்ளே விட்டால் தடுப்புப் பொருள் இல்லாத அந்த மென் அமிலமும் அலுமினியத்தை மங்கச் செய்யும்.

தயாரிப்பாளரிடம் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. துத்தநாகக் கட்டிகளைக் கழற்றச் சொல்லாதது முதலாவது. சூடேறும் எஞ்சினில் ஊற்றும் முன் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்லாதது இரண்டாவது. இவற்றுக்கு லேபிளில் நான்கு வரிகள் போதும். ஹோஸ் இணைப்பானின் மரை தரமாக இருக்கிறது, கசியவில்லை. வலை மிக மெல்லியது. செதில்கள் சேர்ந்ததும் அடைத்துக்கொள்வதால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது. அதன் வெளிப்பக்கம் ஒரு துண்டு கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டியபின் அந்தத் தொல்லை குறைந்தது.

இப்போது ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் பத்து நிமிடம் கழுவுகிறேன். தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்கு எஞ்சின் சூடேறினால்தான் நல்ல தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றி வரும் என்பதால், ரப்பர்க் கிண்ணங்களை வைத்து ஐடிலிங்கில் ஓடவிட்டே கழுவுகிறேன். தலைப்பகுதியில் கழுவு துளை உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பலவற்றில் அந்தத் துளை வழியாகக் கழுவும்போது எஞ்சினை ஓட்டக் கூடாது, ஓட்டினால் நீரில்லாத பம்பில் இம்பெல்லர் எரிந்துவிடும். பருவத்தின் முடிவில் ஒரு முறை, அரைக் கேனை அதே விகிதத்தில் கலந்து ஒரு மணி நேரம் சுழற்றுகிறேன். கடைசியாகச் சுழற்றியபோது நுரை இருபது நிமிடத்தில் அடங்கியது. வலையில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு மணல் மட்டுமே இருந்தது. சிப்பி ஓட்டுத் துண்டு தொட்டியில் நுரைத்துக்கொண்டிருந்தது.